சேர்த்தவரா, பதித்தவரா? அரிய நூல் அறிஞர்களைப் பற்றி ஒரு தருமபுரி விவாதம்

கிருஷ்ணகிரி வாசகர் ஒருவரின் கூற்று, 4 ஜனவரி 2025

பழைய புத்தகம் சேர்ப்பவர்களை நாம் தேவைக்கு மேல் போற்றுகிறோம். சேர்த்தவர் அலமாரியில் வைத்துப் பூட்டினார். பதிப்பித்தவர்தான் ஊருக்குக் கொடுத்தார். பழைய நூல்களைச் சேர்த்த ரோஜா முத்தையாவின் பெயரில் சென்னையில் ஆராய்ச்சி நூலகமே இருக்கிறது. சங்க இலக்கியத்தை ஒரு ரூபாய்க்கு அச்சிட்டு விற்ற மர்ரே ராஜத்தின் பெயரை எங்கள் பக்கத்துக் கல்லூரி மாணவர்களிடம் சொன்னால் விழிக்கிறார்கள். எல்லாம் மின்னூலாகக் கிடைக்கும் இந்நாளில் முதற்பதிப்பு என்பது காட்சிப்பொருள் அல்லாமல் வேறென்ன?

5 ஜனவரி, இரவு

ராஜத்தைப் பற்றிச் சொன்னது சரி. முத்தையாவைப் பற்றிச் சொன்னது சரியில்லை. தருமபுரியில் நீண்ட காலம் பைண்டிங் தொழில் செய்து, அலுவலகப் பதிவேடுகளையும் பள்ளி நூலகப் புத்தகங்களையும் தைத்து, அந்த வழியில் பழைய நூல்களின் மேல் பற்றுக்கொண்டு, கைக்காசில் சில சிறு நூல்களை மறுபதிப்பும் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மர்ரே எஸ். ராஜம் சென்னையில் மர்ரே அண்டு கம்பெனி என்னும் ஏல நிறுவனத்தை நடத்தியவர். அவர் வையாபுரிப் பிள்ளை உள்ளிட்ட அறிஞர்களைக் கூட்டி, பழம்பாடல்களைச் சந்தி பிரித்து, படிக்கத் தெரிந்த எவரும் தடுமாறாமல் படிக்கும்படி மலிவு விலையில் 1950களில் வெளியிட்டார். உரை கிடையாது, ஆடம்பரம் கிடையாது. மூலம் மட்டும், அதுவும் சொல் பிரிந்து கண்ணுக்கு உறுத்தாமல் இருக்கும். அந்தப் பதிப்புகளை இன்று கையில் எடுத்தாலும் பதிப்பாசிரியர்கள் வாசகனை எவ்வளவு மதித்தார்கள் என்பது தெரியும்.

ஆனால் அவர்கள் வெறுங்கையோடு உட்காரவில்லை. முன்னால் வந்த பதிப்புகளையும் ஏடுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படிக்குப் படி சொல் மாறும் இடங்களை ஒப்பிட்டுத்தான் ஒவ்வொரு வரியையும் பிரித்தார்கள். அந்த முன்பதிப்புகளை யாரோ ஒருவர் பூச்சிக்குக் கொடுக்காமல் வைத்திருந்தால்தானே ஒப்பிட முடியும்? சேர்த்தவர் இல்லாமல் பதித்தவர் இல்லை.

6 ஜனவரி

பட்டிமன்றத் தலைப்புப் போல ஆகிவிட்டது என்று அரூர் நண்பர் கேலி செய்கிறார். நடுவர் எவரும் வரப்போவதில்லை. ஆகவே தீர்ப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

9 ஜனவரி

"என் தாத்தாவின் பெட்டியில் பழைய புத்தகங்கள் இருக்கின்றன, எவ்வளவு போகும்?" என்று ஓசூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அரிய நூல் என்று பேச்செடுத்தால் மூன்றாவது ஆள் இதைத்தான் கேட்பார். அதில் தவறும் இல்லை.

அமெரிக்காவில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ரோசன்பாக் (1876–1952) என்ற அரிய நூல் வணிகர் இருந்தார். சிறுவயதில் பழைய புத்தகக் கடை வைத்திருந்த தாய்மாமனிடம் தொழில் கற்று, பின்னர் ஆங்கிலத்தில் முனைவர் பட்டமும் பெற்று, கடைசியில் மாமனின் வழிக்கே திரும்பியவர். 1928இல் லண்டன் ஏலத்தில், ஆலிஸின் கதையை லூயி கரோல் தம் கையால் எழுதிப் படம் வரைந்த கையெழுத்துப் படியை 15,400 பவுண்டுக்கு எடுத்தார். எடுத்த பிறகு ஒரு கிராமபோன் நிறுவன முதலாளிக்கு விற்றார். அந்த முதலாளி இறந்தபின் 1946இல் அதே படி மறுபடியும் ஏலத்துக்கு வந்தபோது 50,000 டாலருக்குத் திரும்ப எடுத்துக் கொடுத்தவரும் ரோசன்பாக்தான். இம்முறை நன்கொடையாளர்கள் பணம் திரட்டினார்கள். 1948இல் அந்தப் படி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகப் போனது. இரண்டு முறையும் அவர் லாபம் பார்த்தாரா என்று ஓசூர் அன்பர் கேட்பார். இரண்டாம் முறையில் அந்த நோக்கம் இல்லை என்பதே அந்தக் கதையை நான் இங்கே எடுத்ததற்குக் காரணம்.

தமிழில் அப்படிப்பட்ட சந்தை உருவாகவே இல்லை. இங்கே அரிய நூலின் முதல் விலை எடைக்கல்லில் போடப்படுகிறது. பேருந்து நிலையத்தை ஒட்டிய பழைய காகிதக் கடையில், செய்தித்தாள் ஒரு விலை, அட்டை ஒரு விலை, புத்தகம் ஒரு விலை. உங்கள் தாத்தாவின் பெட்டிக்கு நான் விலை சொல்ல மாட்டேன். எந்த நூல், எந்த ஆண்டு, எந்த அச்சுக்கூடம் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு விற்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

10 ஜனவரி, காலை

எந்த ஆண்டு என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அதே ஓசூர் அன்பர் கேட்கிறார். நல்ல கேள்வி, சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அரிய நூல் அறிஞரின் தொழிலே இதில்தான் இருக்கிறது.

என் கைக்கு வந்த பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் ஒன்றின் முகப்பில் ஆங்கில ஆண்டு இல்லை. 'விபவ வருஷம் ஆவணி மாதம்' என்று மட்டும் இருந்தது. அறுபது ஆண்டுச் சுற்றில் விபவ என்பது 1868ஆகவும் இருக்கலாம், 1928ஆகவும் இருக்கலாம். கொண்டுவந்து கொடுத்தவர் 1868 என்று உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கைக்குத் தகுந்த விலையும் மனத்தில் வைத்திருந்தார்.

முதலில் தாளைப் பார்த்தேன். துணிக்கூழில் செய்த பழைய தாள் நூறாண்டு கடந்தும் விரலுக்கு வளைந்து கொடுக்கும். மரக்கூழில் செய்த மலிவுத் தாள் பழுப்பேறி மடிப்பிலேயே அப்பளம் போல உடையும். இது உடைந்தது. அடுத்தது முதுகு. பாரங்களை, அதாவது மடித்த தாள் தொகுதிகளை, நூலால் தைக்காமல் பக்கவாட்டில் கம்பி அடித்திருந்தார்கள். கம்பியின் துரு நாலைந்து பக்கங்களுக்குக் கசிந்திருந்தது. பின்னட்டையின் உட்புறத்தைத் திருப்பியபோது வழக்கு முடிந்தது: அதே கதையின் பாடல்கள் கிராமபோன் தட்டிலும் கிடைக்கும் என்று ஒரு விளம்பரம். 1868இல் கிராமபோன் ஏது? புத்தகம் 1928ஐச் சேர்ந்தது.

இதனால் அது மட்டமான புத்தகம் ஆகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டுத் தட்டும் கதைப் புத்தகமும் கைகோத்து விற்ற காலத்துக்கு அந்த விளம்பரம் ஒரு நேர்ச் சான்று. முத்தையா இப்படிப்பட்டவற்றைத்தான் சேர்த்தார். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் விற்ற மலிவுப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீசு, திருமண அழைப்பு, கடிதம் எனப் பேராசிரியர்கள் குப்பை என்று ஒதுக்கியவை அவருடைய கோட்டையூர் வீட்டில் வகை பிரித்து வைக்கப்பட்டிருந்தன.

10 ஜனவரி, மாலை

காலைக் குறிப்புக்கு ஒரு சேர்க்கை. 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம் வந்த பிறகு, ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் இருக்க வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. அரசுக்குப் படியும் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தைய நூல்களுக்கு ஜான் மர்டாக் 1865இல் வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் வகைப்பட்டியல் கைகொடுக்கும். ஆண்டு இல்லாத புத்தகத்தில் அச்சுக்கூடத்தின் பெயர் இருந்தால், அந்த அச்சுக்கூடம் வேறு எந்தெந்த ஆண்டுகளில் நூல் வெளியிட்டது என்று பார்த்து நெருங்கிவிடலாம். விலை அணாவிலா நயா பைசாவிலா என்பதைப் பாருங்கள். தசம நாணயம் 1957இல் வந்தது. எழுத்து வடிவமும் உதவும்: லை, ணை முதலியவற்றைப் பழைய கொம்பு வடிவில் அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தையது என்று கொள்ளலாம். ஆனால் சில அச்சகங்கள் அதன் பிறகும் பழைய எழுத்தையே வைத்திருந்தன. அதை மட்டும் நம்பி ஆண்டு குறிக்க வேண்டாம்.

14 ஜனவரி

பொங்கல். இன்று யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை என்று கொள்க.

17 ஜனவரி

கிருஷ்ணகிரி வாசகர் திரும்ப வந்திருக்கிறார். "நீங்கள் சேர்த்தவரையும் பதித்தவரையும் சமாதானம் செய்து வைக்கிறீர்கள்; இரண்டையும் ஒருவரே செய்ததுண்டா?" என்கிறார்.

உண்டு ஐயா. வ. சுப்பையா பிள்ளை (1897–1983). திருநெல்வேலியில் 1920இல் தொடங்கிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தை நடத்தியவர். கழகப் பதிப்பு என்றால் எங்கள் தலைமுறையில் விளக்கம் தேவையில்லை. பள்ளி நூலகத்தில் கெட்டி அட்டையோடு நிற்கும் இலக்கண நூல்களில் பாதி அவர்களுடையதாக இருக்கும். 1923 முதல் 'செந்தமிழ்ச் செல்வி' என்ற இதழையும் கழகம் நடத்தியது. மறைமலையடிகள் 1950இல் மறைந்தபோது அவர் சேர்த்திருந்த ஏறத்தாழ 4,000 நூல்களைச் சிதறவிடாமல் காத்து, 1958இல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகமாக ஆக்கியவரும் சுப்பையா பிள்ளைதான். கழகத்துக்காக வாங்கிய பழம்பதிப்புகளும் அங்கே சேர்ந்துகொண்டே வந்தன.

ஒரு பதிப்பாளர் தம்முடைய மூலப்படிகளை அச்சேறிய பிறகும் வைத்திருந்து, எவரும் வந்து தம் பதிப்போடு ஒத்துப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்து வைப்பது சாதாரணம் அன்று. பிழை இருந்தால் பிடிபடும். அதற்கு அஞ்சாதவரே அப்படிச் செய்வார்.

18 ஜனவரி

பாப்பிரெட்டிப்பட்டி ஆசிரியை ஒருவர், சேலம் இராமசாமி முதலியாரை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்கிறார். அவர் நம்மவர் என்பதும் அவர் வாதம். தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி நம்மிடமிருந்து 2004இல் பிரிந்தது. ஆகவே பங்காளிச் சண்டை போடாமல் மூன்று மாவட்டத்தாரும் அவருக்கு உரிமை கொண்டாடிக்கொள்ளலாம்.

கும்பகோணத்தில் முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) இருந்த அவரை உ. வே. சாமிநாதையர் 1880 அக்டோபர் 21ஆம் நாள் போய்ப் பார்த்தார். ஐயர் தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கிச் சொல்ல, முதலியார் இவற்றுக்கு முந்தைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணியின் படி ஒன்றைக் கொடுத்த நிகழ்ச்சி தமிழ் படித்தவர் எல்லாருக்கும் தெரியும். சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வந்தது. தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டு, 1894இல் புறநானூறு.

முதலியார் ஏடு தேடி அலைந்தவர் அல்லர், பதிப்பாசிரியரும் அல்லர். எந்தப் படி யாருடைய கையில் போய்ச் சேர வேண்டும் என்று அறிந்தவர். கிருஷ்ணகிரி நண்பரின் இரண்டு பெட்டிகளில் இவரை எதில் வைப்பது? முதல் நாளே நான் சேர்த்தவர், பதித்தவர் என்ற பிரிவினையை ஒப்புக்கொண்டு வாதாடத் தொடங்கினேன். இப்போது அந்தப் பிரிவினையிலேயே எனக்கு நிறைவில்லை. படியை அறிந்தவர், அறியாதவர் என்று பிரிப்பதே பொருந்தும். அறிந்தவர் சேர்க்கலாம், பதிக்கலாம், அல்லது முதலியார் போலச் சரியான ஆளிடம் கொடுத்துவிட்டு வழக்குமன்றத்துக்குப் போய்விடலாம்.

22 ஜனவரி

படியை அறியாத பதிப்பாளர் என்ன செய்வார் என்பதற்கு என் சொந்த அனுபவம். ஊர், பெயர் வேண்டாம்.

என்னிடம் ஒரு செய்யுள் நூலின் பழம்பதிப்பு இருந்தது. நூலைவிட முன்பகுதி பெரிது: நூலைப் பாராட்டிப் பல புலவர்கள் எழுதிய சாற்றுக்கவிகள், அச்சிடப் பொருளுதவி செய்தவர்களின் ஊர்வாரியான பெயர்ப் பட்டியல், கடைசியில் ஒரு பிழைதிருத்தப் பட்டியல். உதவியவர்களுக்குள் பாரமகால் (நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தின் பழைய பெயர்) பகுதி வணிகர்களும் இருந்தார்கள். அக்காலத்தில் இந்தப் பக்கம் யார் தமிழ் நூலுக்குக் காசு கொடுத்தார்கள் என்பதற்கு வேறு சான்றை நான் பார்த்ததில்லை. மறுபதிப்புக்கு வேண்டுமென்று ஒரு பதிப்பகத்தார் கேட்டபோது கொடுத்தேன். ஸ்கேன் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று முதுகை வெட்டி, தனித்தனித் தாளாக ஆக்கியிருக்கிறார்கள். திரும்பி வந்தது ஒரு பிளாஸ்டிக் பையில். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து, பாரம் பாரமாகத் தைத்து நான் செப்பனிட்ட புத்தகம் அது.

புதிய பதிப்பின் அட்டை பளபளப்பாக இருந்தது. சாற்றுக்கவிகள் இல்லை, பெயர்ப் பட்டியல் இல்லை. அவை இக்கால வாசகருக்குத் தேவையில்லை என்று முன்னுரையில் ஒரு வரி. பிழைதிருத்தப் பட்டியலையும் நீக்கிவிட்டார்கள், ஆனால் அதில் சொன்ன திருத்தங்களை நூலுக்குள் செய்யவில்லை. முன்னோர் கண்டுபிடித்து ஒப்புக்கொண்ட பிழைகள் எல்லாம் புத்தம்புதிதாக மறுபடியும் அச்சேறின.

முதற்பதிப்பு காட்சிப்பொருள்தானே என்று கேட்டவருக்கு இதுவே என் விடை. மின்னூலாக இணையத்தில் ஏறியிருப்பதும் இந்தப் புதிய பதிப்புதான்.

23 ஜனவரி

கசப்பாக எழுதிவிட்டேன் என்கிறார் அரூர் நண்பர். இருக்கட்டும். மின்னாக்கத்துக்கு நான் எதிரி அல்லேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இல்லாவிட்டால், தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு நூலின் முகப்பைப் பார்க்க நான் சென்னைக்குப் பேருந்து ஏற வேண்டியிருந்திருக்கும். அட்டை முதல் பின்னட்டை வரை விளம்பரம் உட்பட ஒரு பக்கமும் விடாமல் படம் எடுத்திருந்தால் அது பாதுகாப்பு. நடுப்பகுதியை மட்டும் எடுத்தால் அது நகல்.

29 ஜனவரி

சேர்த்தவர் "பூட்டினார்" என்ற சொல் கிருஷ்ணகிரி வாசகரின் முதல் குறிப்பில் இருந்தது. அதற்கு நான் இன்னும் நேரே பதில் சொல்லவில்லை.

தகடூர் யாத்திரை நம் ஊர் நூல். அதியமானின் தகடூர் மேல் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்த போரைப் பாடியது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அந்த நூல் முழுதாக இன்று எவரிடமும் இல்லை. புறத்திரட்டு என்ற தொகைநூலைத் தொகுத்தவர் எடுத்தாண்டதாலும், நச்சினார்க்கினியர் போன்ற உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டியதாலும் சில பாடல்கள் மட்டும் தப்பின. புறத்திரட்டை வையாபுரிப் பிள்ளை பதிப்பித்துச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டதால் அவை நமக்குப் படிக்கக் கிடைக்கின்றன. யாராவது ஒருவர் ஒரு படியைப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தால், அவருடைய கஞ்சத்தனத்தை இன்று தருமபுரியே கையெடுத்துக் கும்பிட்டிருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கொல்லத்தில் 1578இல் அச்சான தம்பிரான் வணக்கம், இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான நூல்களில் முதலில் வைத்துப் பேசப்படுவது; வெறும் 16 பக்கம். அதன் படி இன்று இருப்பது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். காப்பாற்றியவர்கள் வெளிநாட்டார் என்று வருந்துவோரும் உண்டு. முத்தையா 1992இல் மறைந்தபின் அவர் சேகரிப்பை வாங்கியதும் சிகாகோ பல்கலைக்கழகம்தான். ஆனால் அதைக் கப்பல் ஏற்றாமல் சென்னையிலேயே வைத்து, 1994இல் நூலகமாக அமைத்தார்கள். தனி மனிதரின் பூட்டு ஓரளவுக்குத்தான் காக்கும். அவர் போன பிறகு சாவியை யாரிடம் கொடுப்பது என்பதை அவர் இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். இதில் கிருஷ்ணகிரி வாசகரோடு எனக்கு மாறுபாடு இல்லை. என் அலமாரிக்கும் அப்படி ஓர் ஏற்பாட்டை நான் செய்து முடிக்கவில்லை; அதையும் எழுதிவைக்கிறேன்.

3 பிப்ரவரி

பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு செய்தி. பழைய இதழ்கள் அடங்கிய ஒரு கட்டு வீட்டில் இருப்பதாகவும், மேலே இருப்பதில் 'ஞானபாநு' என்ற பெயர் தெரிவதாகவும் ஓர் அம்மா எழுதியிருக்கிறார். சுப்பிரமணிய சிவா 1913இல் தொடங்கி நடத்திய மாத இதழ் அது. பாரதியும் அதில் எழுதியிருக்கிறார். சிவா தம் கடைசி நாள்களைக் கழித்து 1925 ஜூலை 23 அன்று மறைந்தது பாப்பாரப்பட்டியில் என்பதால், அங்கே சில இதழ்கள் தங்கியிருப்பதில் வியப்பில்லை. மூல இதழா, பிற்காலத்தில் எவரேனும் கட்டிவைத்த நகலா என்பதைப் பார்க்காமல் சொல்ல முடியாது. மேலுறையில் அச்சுக்கூடத்தின் பெயரும் சந்தா விவரமும் இருக்கின்றனவா என்று மட்டும் இப்போதைக்குப் பார்த்துச் சொல்லுங்கள்.

அதுவரை, அம்மா, அருள்கூர்ந்து கிழிந்த இடங்களில் செல்லோ டேப் ஒட்ட வேண்டாம். அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தை மறைத்துவிடும், எடுக்கவும் வராது. லாமினேஷன் செய்யவே கூடாது. இராமபாணப் பூச்சிக்குப் பயந்து வெயிலில் உலர்த்தவும் வேண்டாம். மரக்கூழ்த் தாள் வெயிலில் இன்னும் சீக்கிரம் உடையும். நிழலில் காற்றோட்டமாக ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்து, கட்டின் கயிற்றை அவிழ்க்காமல் கத்தரியால் வெட்டி எடுங்கள். அவிழ்க்க இழுத்தால் ஓரத் தாள்கள் கயிற்றோடு வந்துவிடும். பைண்டு செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால், என்னையும் சேர்த்துத்தான், முதலில் முழுவதையும் படம் எடுத்த பிறகே கொடுங்கள்.

3 பிப்ரவரி, பின்னர்

ஓசூர் அன்பருக்கு: ஞானபாநு எவ்வளவு போகும் என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறீர்கள். கட்டு அந்த அம்மாவுடையது. விற்பதா, நூலகத்துக்குக் கொடுப்பதா, வீட்டிலேயே வைப்பதா என்று அவர் முடிவு செய்யட்டும். உங்கள் தாத்தாவின் பெட்டியைத் திறந்து முகப்புப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புவதாகச் சொன்னீர்கள். மூன்று வாரம் ஆகிறது.